அளக்கப்பட்டவர்கள் அளப்பதெப்போது?

சென்ற திங்களில் செனாயில் நடந்த பாராட்டு வைபவமொன்றுக்கு நாம் சென்றிருந்தோம். தோட்டத்திற் பிறந்து, தோட்டப் பள்ளியிற் படித்து, வணிகப் பொருளாதாரத்தில் முதுகலைப் பட்டம் பெற்றுத் திரும்பிய இளைஞர் ஒருவருக்கு ஊரார் எடுத்த விழா அது. மாலைகள் விழுந்தன. பொன்னாடைகள் போர்த்தப்பட்டன. ஐவர் பேசினர், ஐவரும் ஒரே பேச்சைப் பேசினர். எல்லாம் முடிந்து சாப்பாட்டுக்கு எழும் வேளையில், நாற்பதாண்டு பால்மரம் வெட்டிய மூதாட்டி ஒருவர் இளைஞரை அண்டி வந்து கேட்டார்:

"தம்பி, மாசச் சம்பளம் ஆயிரத்து எழுநூறு வெள்ளின்னு சட்டம் வந்திருக்கே, இதனால நம்ம பிள்ளைங்களுக்கு வேலை கூடுமா, குறையுமா?"

"கூலி ஏறினா முதலாளி ஆளைக் குறைப்பாங்க பாட்டி. பாடத்துல அப்படித்தான் இருக்கு."

"பாடத்துல இருக்கட்டும் தம்பி. நீங்க போய்ப் பார்த்தீங்களா?"

இளைஞர் சிரித்தார். சுற்றி நின்ற நாமும் சிரித்தோம். வீடு திரும்பும் வழியிலேதான் அது சிரிக்கத்தக்க விஷயமன்று என்பது நமக்குப் புலனாயிற்று. எழுத்தறியாத ஒரு தாய், பட்டம் பெற்ற ஒரு மகனிடம், அவன் படிப்பின் சரிபாதி எங்கே என்று கேட்டுவிட்டார். அவனிடமும் விடையில்லை, அவனுக்கு மாலை சூட்டிய நம்மிடமும் விடையில்லை.

அவ்விளைஞரைக் குறை கூறுவது நமது நோக்கமன்று. அவர் உழைத்துப் படித்தவர். கொடுத்த பாடத்தைப் பிழையின்றிக் கற்றவர். பாடம் வேறு, ஆராய்ச்சி வேறு என்பதை அவருக்கு எடுத்துச் சொல்லாதவர்களும், சொல்லாதிருந்தும் கைதட்டிய நாமுமே குற்றவாளிகள். ஆகவே இவ்விஷயத்தை ஒளிவு மறைவின்றிப் பேச முற்படுகிறோம். எவருக்கேனும் மனவருத்தம் உண்டாகுமாயின், அவ்வருத்தம் நன்மைக்கே ஆகுக.

வணிகப் பொருளாதாரத்தில் முதுகலைப் படிப்பென்பது இரண்டு கால்களால் நடப்பது. ஒரு கால் வகுப்பறைப் பாடம். விலை எவ்வாறு அமைகிறது, ஒரு கம்பெனி எவ்வளவு உற்பத்தி செய்தால் இலாபம், வட்டி ஏறினால் வேலைவாய்ப்பு என்னாகும், வெள்ளியின் மதிப்பு இறங்கினால் யாருக்கு ஆதாயம், ஐந்தொகைக் கணக்கை எப்படிப் படிப்பது, புள்ளிவிவரங்களை எப்படிச் சலித்தெடுப்பது என்பன அதிற் கற்பிக்கப்படும். இது பிறர் கண்டறிந்ததைப் பெற்றுக்கொள்ளும் பயிற்சி. மற்றொரு கால் ஆராய்ச்சிப் பயிற்சி. தானே ஒரு கேள்வியை எழுப்புதல், அதுபற்றி முன்னோர் கண்டதைத் தேடிப் படித்தல், யாரை, எத்தனை பேரை, எவ்விதம் விசாரிப்பது என்று திட்டமிடல், கிடைத்த எண்களைச் சோதித்தல், தான் நினைத்தது பொய்யானால் பொய்யென்றே எழுதிக் கையொப்பமிடல் ஆகிய இவையெல்லாம் அதிலடங்கும். இது பிறர் காணாததைத் தானே காணும் பயிற்சி. முன்னது இல்லாமற் பின்னது குருட்டு நடை. பின்னது இல்லாமல் முன்னது நொண்டி நடை.

நம் நாட்டில் முதுகலைப் பட்டத்துக்கு மூன்று வழிகள் உண்டு. பாடவழி ஒன்று, ஆராய்ச்சி வழி ஒன்று, இரண்டையும் கலந்த வழி ஒன்று. பாடவழியிற் செல்வோர் குறைந்தது 40 கிரெடிட் முடிக்க வேண்டும். ஒரு கிரெடிட் என்பது மாணவன் செலவிட வேண்டிய 40 மணி நேர உழைப்பு. ஆக, 1,600 மணி நேரம். பாடவழியிலும் ஆய்வுமுறைப் பாடமும் சிறியதோர் ஆய்வேடும் பெரும்பாலும் இடம்பெறும். பகலில் வேலை செய்து இரவிற் படிப்போருக்குப் பாடவழியே கைகொடுக்கிறது; அதை நாம் பழிக்கவில்லை. அந்தச் சிறிய ஆய்வேட்டையும் எப்படித் தட்டிக்கழிப்பது என்பதையே ஒரு கலையாக வளர்த்துவிட்ட மனப்பான்மையைத்தான் பழிக்கிறோம்.

அந்த மனப்பான்மை எப்படிப்பட்டது? கல்விக் கண்காட்சிக்குப் போகும் பெற்றோர் கேட்கும் முதற் கேள்வி, "எத்தனை மாதத்தில் முடியும்?" இரண்டாவது, "ஆய்வேடு கட்டாயமா?" கட்டாயமில்லை என்று சொல்லும் கடையில் கூட்டம் கூடுகிறது. கட்டாயமானால், நூறு பேருக்கு வினாத்தாள் அனுப்பி, நண்பர்களையே நிரப்பச் சொல்லி, கணினியிற் போட்டு, வந்த அட்டவணையை அர்த்தம் தெரியாமலே ஒட்டிவைக்கும் வழக்கம் இருக்கிறது. அதற்கும் சோம்பினால், பணம் வாங்கிக்கொண்டு ஆய்வேடு எழுதித் தருவோர் இருக்கின்றனர். அவர்களுக்கும் வேலையில்லாமற் செய்யக் கணினியே இப்போது பக்கம் பக்கமாக எழுதித் தருகிறது. கள்ளக் காசு செய்தவனைச் சட்டம் தண்டிக்கிறது. கள்ள ஆய்வேடு கொடுத்தவனுக்கோ நாம் பொன்னாடை போர்த்துகிறோம்.

ஆராய்ச்சி என்பது வெள்ளைக்காரர் வழக்கம், நமக்குப் புதிது என்று சிலர் நினைக்கக் கூடும். அவர்கள் ஒரு வரலாற்றை அறிய வேண்டும். 1915-ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் பொருளாதாரப் பேராசிரியராக கில்பர்ட் சிலேட்டர் என்பவர் வந்தார். இங்கிலாந்து தேசத்துப் புத்தகத்தை நம் மாணவர்க்கு ஒப்புவிப்பதோடு அவர் நிற்கவில்லை. 1916-இல் தம் மாணவர்களிடம் ஒரு கேள்விப் பட்டியலைக் கொடுத்து, அவரவர் கிராமத்துக்குப் போய் விசாரித்து வரச் சொன்னார். யாருக்கு எவ்வளவு நிலம், என்ன பயிர், எத்தனை மாடு, எவ்வளவு கடன், கூலி எவ்வளவு என்று அம்மாணவர்கள் வீடு வீடாகக் கேட்டு எழுதினர். தென்னார்க்காட்டு இருவேல்பட்டு, வடவார்க்காட்டுத் தூசி, தஞ்சைப் பாலக்குறிச்சி, இராமநாதபுரத்து வடமலைபுரம், திருநெல்வேலிக் கங்கைகொண்டான் முதலிய ஊர்களின் பொருளாதார நிலை 1918-இல் நூலாக வெளிவந்தது. இருபதாண்டு கழித்து, 1936-37-இல், பி. ஜே. தாமஸும் கே. சி. இராமகிருஷ்ணனும் அவ்வூர்களை மறுபடியும் விசாரிக்கச் செய்து 1940-இல் வெளியிட்டனர். அதன் பின்னும் ஆய்வாளர் திரும்பத் திரும்ப அங்கே சென்றனர். இருவேல்பட்டின் கணக்கு 2008 வரையில் எடுக்கப்பட்டிருக்கிறது. ஒரு தமிழ்க் கிராமத்தின் தொண்ணூறாண்டு வாழ்வு, நிலம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போயிற்று என்பது முதலாக, எழுத்தில் நிற்கிறது. அதற்கு வித்திட்டவர்கள் விடுமுறைக்கு ஊர் போன மாணவர்களே.

வாசகர்களே, அத்தகைய ஊர்களிலிருந்துதானே நம் பாட்டன்மார் கப்பலேறினார்கள்? அவர்கள் விட்டுவந்த கிராமத்தின் கணக்கு இருக்கிறது. அவர்கள் வந்து சேர்ந்த தோட்டத்தின் கணக்கு எங்கே?

தோட்டத்திலும் கணக்கு இல்லாமலில்லை. ஆனால் அது நம்மைப் பற்றிப் பிறர் எழுதிய கணக்கு. பிரட்டுக்களத்தில் விடியுமுன் பெயர் கூப்பிட்டுக் கிராணி குறித்த செக்ரோல், பால் நிறுத்த மண்டோரின் தராசு, இவை நமக்குத் தெரியும். இவற்றுக்கு மேலே ஒரு கணக்கு இருந்தது. வெள்ளையர் ஆட்சியில், ஒரு தமிழ்க் குடும்பத்துக்கு மாதம் எவ்வளவு அரிசி, எவ்வளவு மிளகாய், எத்தனை முழத் துணி வேண்டுமென்று அதிகாரிகள் பட்டியல் போட்டு, அதன்மேற் கூலியை நிர்ணயித்தார்கள். அப்படித்தான் 1928-இல் முக்கியப் பகுதிகளில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று விதித்தார்கள். ரப்பர் விலை சரிந்த 1930-இல் அது 40 காசும் 32 காசுமாகக் குறைக்கப்பட்டது. தொழிலாளியின் வயிறு ஐந்தில் ஒரு பங்கு சுருங்கிவிட்டதா என்று யாரும் கேட்கவில்லை. பழைய விகிதத்தைத் திரும்பக் கொடுக்க வேண்டுமென்று எழுதுவதற்கு, இந்தியாவிலிருந்து வந்து விசாரித்த சீனிவாச சாஸ்திரியாரின் 1937-ஆம் ஆண்டு அறிக்கை வேண்டியிருந்தது.

இதிலிருந்து நாம் அறிய வேண்டியதென்ன? பட்டியல் போடுகிறவனே கூலியைப் போடுகிறான் என்பதே. அரிசியை இத்தனை படி என்று எழுதிய பேனா, நம் பிள்ளைகளின் பாலையும் புத்தகத்தையும் எழுதாமல் விட்டால், அவை கூலியிலும் விடுபட்டுப் போயின. அன்று மறுகணக்குப் போடுவதற்கு நம்மில் படித்தவர் இல்லை. இன்று இருக்கிறார்கள். இருந்தும் போடுகிறார்களா?

நாடு விடுதலை பெறுவதற்கு முன்னும் பின்னும், துரைமார் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுப் போன காலமொன்று உண்டு. லயங்களில் இருந்தவர்கள் வேலையும் வீடும் ஒருங்கே இழந்து தவித்தனர். அவ்வேளையில் மலாயாப் பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் உங்கு அசிஸ் அவர்கள் அதை மேடையிற் புலம்பும் விஷயமாக விடாமல், ஆராயும் விஷயமாக எடுத்துக்கொண்டார். 1951 முதல் 1960 வரை நடந்த தோட்டப் பிரிவினையைப் பற்றி விரிவான ஆய்வொன்றை நடத்தி, பிரிவினை தொழிலாளரை எவ்வாறு பாதித்தது என்பதை எழுத்திற் கொண்டுவந்தார். ஜொகூரோடு குடும்பத் தொடர்புடைய அம்மலாய்ப் பெருமகன் நம் லயத்துக் கதையைக் கணக்கெடுக்கச் செய்தார். அந்நன்றியை நாம் மறக்கலாகாது. அதே வேளையில், அதை நாமே ஏன் செய்யவில்லை என்ற வெட்கத்தையும் மறக்கலாகாது.

அதே காலத்தில், 1960-இல், வீ. தி. சம்பந்தன் அவர்கள் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர் தவணை தவணையாகக் கட்டிய பணத்தைக் கொண்டு, துண்டாடப்பட இருந்த தோட்டங்களை வாங்குவது அதன் நோக்கம். விலைபோகும் பொருளாயிருந்தவர்கள் விலைக்கு வாங்குவோராக நிமிர்ந்த அற்புதம் அது. பின்னர் 1982-இல் மைக்கா ஹோல்டிங்ஸ் அமைந்தது. அறுபதாயிரத்துக்கு மேற்பட்ட நம்மவர் நூறு மில்லியன் வெள்ளிக்கு மேல் பங்கு வாங்கினார்கள். ஆனால் எதிர்பார்த்த செல்வம் வரவில்லை. ஏறத்தாழ முப்பதாண்டு காத்திருந்து 2010-இல் பங்குகளைக் கைமாற்றிக்கொண்டு வெளியேறும் நிலை பலருக்கு உண்டாயிற்று. யார்மீது குற்றம் என்ற வழக்கை நாம் இங்கே நடத்த வரவில்லை. நாம் கேட்பது வேறு. அத்தனை ஆயிரம் வீடுகளில், ஆண்டறிக்கையை எடுத்து வைத்துக்கொண்டு, "முதல் எவ்வளவு, கடன் எவ்வளவு, இலாபம் எங்கிருந்து வந்தது" என்று வரி வரியாகப் படித்துத் தமிழில் விளக்கக்கூடியவர் எத்தனை பேர் இருந்தனர்? மேடையிற் பேசியவர் ஆயிரம். கணக்கைப் படித்தவர் எத்தனை? உணர்ச்சியை முதலாகப் போட்டு அறிவை முதலாகப் போடாத சமூகத்துக்கு இலாபப் பங்கு எப்படிக் கிடைக்கும்?

நிற்க. மூதாட்டியின் கேள்விக்கு வருவோம். கூலி ஏறினால் வேலை குறையுமென்று பாடப் புத்தகம் சொல்லுவது உண்மை. பல்லாண்டு காலம் அதைப் பொருளாதார நூலின் அசையா விதியாகவே பலர் போற்றி வந்தனர். 1992-இல் அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலம் தன் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 4 டாலர் 25 காசிலிருந்து 5 டாலர் 5 காசாக உயர்த்தியது. பக்கத்து மாநிலமான பென்சில்வேனியா உயர்த்தவில்லை. டேவிட் கார்ட், ஆலன் குரூகர் என்னும் இரு ஆசிரியர்கள் எல்லையின் இருபுறத்திலும் 410 துரித உணவுக் கடைகளைத் தெரிந்தெடுத்தனர். கூலி ஏறுமுன் ஒரு முறையும் ஏறிய பின் ஒரு முறையும், ஆளெத்தனை, சம்பளமெவ்வளவு என்று விசாரித்தனர். தொலைபேசியிற் கேட்டனர், இரண்டாம் முறை விடை தராத கடைகளுக்கு ஆளனுப்பி நேரிலும் கேட்டனர். கூலி ஏறிய மாநிலத்தில் வேலை குறைந்ததற்குச் சான்று அகப்படவில்லை. 1994-இல் அவ்வாய்வு வெளிவந்தபோது பண்டிதர் உலகம் கொதித்தது. மறுத்தவர்கள் இருந்தார்கள், ஆனால் அவர்களும் வேறொரு கணக்கை எடுத்துக்கொண்டுவந்தே மறுத்தார்கள், வெறும் வாயால் மறுக்கவில்லை. இத்தகைய ஆராய்ச்சிகளுக்காக 2021-இல் கார்டுக்குப் பொருளாதார நோபல் பரிசில் பாதி வழங்கப்பட்டது. குரூகர் 2019-இலேயே காலமாகிவிட்டார்.

"போய்ப் பார்த்தீங்களா தம்பி?" என்று செனாய் மூதாட்டி கேட்டதும், உலகப் புகழ் பெற்ற அவ்வாராய்ச்சியும் ஒன்றே. நியூ ஜெர்சியின் விடை செனாய்க்கும் விடையாகுமென்று நாம் சொல்லவில்லை. இங்கே அந்நியத் தொழிலாளர் உண்டு; எல்லை தாண்டிச் சிங்கப்பூருக்கு நாள்தோறும் வேலைக்குப் போவோர் உண்டு; சிறு கடையும் பெரும் ஆலையும் அடுத்தடுத்து உண்டு. ஆகையினாலேயே இங்கே தனியே பார்க்க வேண்டுமென்கிறோம். 2013-இல் தீபகற்பத்தில் 900 வெள்ளியாகத் தொடங்கிய குறைந்தபட்சச் சம்பளம், 2022-இல் 1,500 ஆகி, 2025 பிப்ரவரியில் 1,700 ஆயிற்று. அன்று ஐந்துக்குக் குறைந்த ஆள் வைத்திருந்த சிறு முதலாளிகளுக்கு அவ்வாண்டு ஆகஸ்டு வரையில் தவணை தரப்பட்டது. ஆராய்ச்சி செய்யத் தெரிந்தவனுக்கு இது எவ்வளவு பெரிய வாய்ப்பு! ஒரே ஊரில், ஒரே தெருவில், ஐந்து ஆள் வைத்த கடை முதலில் உயர்த்துகிறது. நாலு ஆள் வைத்த கடை ஆறு மாதம் கழித்து உயர்த்துகிறது. இடைப்பட்ட ஆறு மாதத்தில் இரு கடைகளிலும் ஆள் எண்ணிக்கை எப்படி நடந்தது என்று பார்த்தாற் போதும், ஒரு நல்ல ஆய்வேடு. அந்த ஆறு மாதமும் நம் கண்முன்னே கடந்து போயிற்று. நம் பட்டதாரிகளில் யார் எண்ணினார்கள்?

இனி, எதிர்வாதங்களைக் கவனிப்போம்.

ஏழை வீட்டுப் பிள்ளைக்கு ஆராய்ச்சி கட்டுமா என்று கேட்பர். நியாயமான கேள்வி. ஓராண்டு தாமதமென்றால் அந்த வீட்டில் ஓராண்டுச் சம்பளம் குறைகிறது. ஆயினும் நாம் எல்லோரையும் ஆராய்ச்சி வழியிலேயே போகச் சொல்லவில்லை. பாடவழியிற் போகிறவரும், கட்டாயமாயுள்ள அச்சிறிய ஆய்வேட்டை மெய்யாகச் செய்யட்டும் என்கிறோம். மேலும் ஒன்று: பணக்கார வீட்டுப் பிள்ளைக்கு மாமன் கம்பெனி இருக்கிறது. ஏழை வீட்டுப் பிள்ளைக்கு அவன் அறிவொன்றே முதல். அம்முதலில் பாதியைக் கல்லாகக் கட்டிக்கொடுக்கும் படிப்பை அவன் ஏன் கடன் வாங்கி வாங்க வேண்டும்?

கம்பெனிக்காரன் பட்டத்தைத்தான் கேட்கிறான், ஆராய்ச்சியையா கேட்கிறான் என்பர். நேர்முகத் தேர்வில் கேட்காமலிருக்கலாம். வேலையிற் சேர்ந்த மூன்றாம் மாதம் கேட்பான். "இந்த மாதம் விற்பனை ஏன் இறங்கியது?" என்ற கேள்வி ஆராய்ச்சிக் கேள்வியே. விலை ஏறியதாலா, மழையாலா, பக்கத்தில் புதுக் கடை வந்ததாலா, சம்பள நாள் தள்ளிப் போனதாலா? பின்னிக் கிடக்கும் காரணங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, எதன் பங்கு எவ்வளவு என்று காட்டுவதற்குத்தான் புள்ளியியல் கற்பிக்கிறார்கள். பிரிக்கத் தெரிந்தவன் ஆலோசனை சொல்லுகிறான். தெரியாதவன் மற்றவன் சொன்னதைத் தட்டச்சு செய்கிறான்.

எல்லாவற்றையும் கணினியே செய்துவிடுகிறதே என்பர். செய்யட்டும். கணினி நமக்கு ஒரு நொடியில் ஆயிரம் கூட்டல் போட்டுத் தரும். ஆனால் இரவு வேலைக்காரன் பகலில் உறங்குகிறான் என்பது அதற்குத் தெரியாது. செனாய் ஆலைகளில் முறை வைத்து வேலை நடக்கிறது. பகல் பத்து மணிக்கு வீடு வீடாகக் கதவைத் தட்டுகிற மாணவன், இரவு வேலைக்குப் போய் வந்து படுத்திருப்பவனைத் தவறவிட்டு, வீட்டிலிருக்கும் முதியோரை மட்டும் கேட்டு, "இவ்வூரார் பெரும்பாலும் வேலையற்றோர்" என்று எழுதிவிடுவான். திருவிழாவில் நின்று கேட்பவன், விடுப்புக் கிடைக்காதவனை விட்டுவிடுவான். யார் விடுபட்டார் என்று கேட்பதே ஆராய்ச்சியின் முதற் பாடம். நூறாண்டாக விடுபட்டே வந்த நாம் அதைக் கற்காமல் வேறு யார் கற்பது?

இனிச் செனாயைப் பார்ப்போம். ரப்பரும் செம்பனையும் சூழ்ந்த ஊராயிருந்த இது, 1974-இல் வானூர்தி நிலையம் திறந்தபின் உருமாறத் தொடங்கிற்று. ஆலைகள் வந்தன. 2006-இல் அமைந்த இஸ்கந்தர் வளர்ச்சித் திட்டத்தில் செனாய்-ஸ்கூடாய் ஒரு முக்கியப் பகுதியாயிற்று. 2025 ஜனவரி 7-ஆம் நாள் மலேசியாவும் சிங்கப்பூரும் கையொப்பமிட்ட ஜொகூர்-சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டல உடன்பாட்டிலும் இதன் பெயர் இருக்கிறது. கூலாய் வட்டாரத்திலே செம்பனை நின்ற இடங்களில் இப்போது தரவு மையங்கள் எழுகின்றன. ஆயிரக்கணக்கான கணினிகள் இரவும் பகலும் மின்சாரத்தையும் நீரையும் குடித்துக்கொண்டு நிற்கும் மாளிகைகள் அவை. பக்கத்து ஸ்கூடாயில் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஆக, நிலமும் உண்டு, முதலும் உண்டு, கல்வியும் உண்டு. நம் இடம் எது என்ற கணக்கு மட்டும் இல்லை.

தோட்டம் விலைபோனபோது வெளியேறிய குடும்பங்கள் எங்கே குடியேறின? இழப்பீட்டுப் பணம் வீடாயிற்றா, வாகனமாயிற்றா, கல்யாணமாயிற்றா? அவர்கள் பிள்ளைகளில் எத்தனை பேர் ஆலையில் நிரந்தர ஊழியர், எத்தனை பேர் குத்தகைக்காரனிடம் நாட்கூலி? தரவு மையம் கட்டும்போது கிடைத்த வேலை, கட்டி முடித்தபின் நிலைக்கிறதா? கூட்டுச் சீட்டில் நம் பெண்கள் போடும் பணத்தின் மெய்யான வட்டி என்ன? வாசகர்களே, இவற்றில் ஒன்றுக்கேனும் எண்ணோடு விடை சொல்லத்தக்கவர் நம்மில் யாரென்று நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள். ஆளுக்கொரு அபிப்பிராயம் உண்டு. எவரிடமும் அட்டவணை இல்லை. நாளை மண்டலத்தின் திட்டக்காரர் நம்மிடம் வந்து, "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டால், மகஜர் கொடுப்போம், மாலை போடுவோம். அவர் நமக்குப் பதிலாக ஒரு பட்டியல் போடுவார். 1928-இல் அரிசிக்கும் மிளகாய்க்கும் போட்டார்களே, அதுபோல.

இந்நிலை மாறச் செய்ய வேண்டியவை பெரிய காரியங்களல்ல.

மாணவர்களே, நீங்கள் எடுக்கும் ஆய்வேடு எவ்வளவு சிறியதாயினும், அதன் கேள்வியை உங்கள் தெருவிலிருந்து எடுங்கள். வினாத்தாளைத் தமிழிலும் எழுதுங்கள். மலாயிலும் ஆங்கிலத்திலும் மட்டும் கேட்டால், பால்வெட்டிய தாய்மார் விடுபட்டுப் போவர். கிடைத்த விடை உங்களுக்குப் பிடிக்காததாயினும் மறைக்காதீர்கள். நம் சமூகம் சிக்கனமற்றது என்று எண் சொன்னால் அதையும் எழுதுங்கள். முதலாளி வஞ்சிக்கிறான் என்று எண் சொல்லாவிட்டால், சொல்லவில்லையென்றே எழுதுங்கள். முடிவை முன்கூட்டியே வைத்துக்கொண்டு தேடுவது ஆராய்ச்சியன்று. அது வக்கீல் வேலை.

பெற்றோர்களே, "எப்போது முடியும்?" என்பதோடு, "என்ன கண்டுபிடித்தாய்?" என்றும் கேளுங்கள். நீங்கள் கேட்டால் அவன் கண்டுபிடிப்பான்.

சங்கங்களின் தலைவர்களே, பொன்னாடைக்குச் செலவிடும் தொகையில் ஒரு பகுதியை, ஆய்வுக்குப் போகும் மாணவனின் பஸ் கூலிக்கும் படிவ அச்சுக்கும் ஒதுக்குங்கள். அதைவிட முக்கியமாக, உங்கள் சங்கத்துப் பழைய கணக்கேடுகளைக் கரையானுக்குக் கொடுக்காமல் அவனிடம் கொடுங்கள். கொடுக்க அஞ்சுகிறவர் எதற்காக அஞ்சுகிறார் என்பதை அங்கத்தினர் யோசிக்கட்டும்.

பேராசிரியர்களே, நூறு வினாத்தாளை மேசையிலிருந்தே நிரப்பிய ஆய்வேட்டுக்கு நீங்கள் கொடுக்கும் மதிப்பெண், உண்மையாய் அலைந்து ஐம்பது வீடு ஏறியவனின் முகத்தில் அறைவதாகும். சிலேட்டர் நூறாண்டுக்கு முன்பே மாணவனை ஊருக்கு அனுப்பினார். பஸ்ஸும் தொலைபேசியும் உள்ள காலத்தில் நீங்கள் அனுப்ப முடியாதா?

நம் பாட்டன் நிறுவைக்கு நின்றான். நம் தந்தை பதிவுக்கு நின்றான். எத்தனை காலம் நாம் தராசின் தட்டிலேயே நிற்பது? ஒரு நாளேனும் முள்ளைப் பார்க்கும் பக்கத்தில் நிற்க வேண்டாமா? அதற்கான பயிற்சியைத்தான் அம்முதுகலைப் படிப்பின் இரண்டாம் பாதி நம் பிள்ளைகளுக்குத் தருகிறது. அதைத்தான் நாம் தள்ளிவிட்டுப் பட்டத்தை மட்டும் சட்டமிட்டு மாட்டுகிறோம்.

செனாய் மூதாட்டியின் கேள்வி இன்னும் அந்த மண்டபத்திலேயே நிற்கிறது. அடுத்த பாராட்டு விழாவில் அவர் மறுபடியும் எழுந்து வருவார். அன்று மாலை சூடி நிற்கும் இளைஞரோ யுவதியோ, "போய்ப் பார்த்தேன் பாட்டி, இத்தனை கடையில் கேட்டேன், கண்டது இது" என்று சொல்லும்படி நம் பிள்ளைகளை ஆயத்தப்படுத்துவோமாக. அப்பொழுது போர்த்தும் பொன்னாடைக்கு நாமும் ஒரு முழம் துணி கொடுக்கச் சித்தமாயிருக்கிறோம்.